கல், மணல், ஒரே ஒரு செடி: இவாகுமி தொட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலைந்து கற்கள், கொஞ்சம் மணல், தரையோடு படரும் ஒரு செடி, ஒரே இனத்தைச் சேர்ந்த பொடி மீன்கள். தொட்டிக்குள் அவ்வளவுதான் இருக்கும். இந்தப் பாணியைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, வெளிநாட்டு வழிகாட்டிகளில் உள்ளபடியே செய்து, மூன்றாவது மாதம் பாசியோடு மல்லுக்கட்டி விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்த வழிகாட்டிகள் 24 டிகிரி அறையையும் மென்மையான குழாய்த் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் முதலில் தண்ணீரும் வெக்கையும், அதற்குப் பிறகுதான் அழகு. கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையை விடாமல் எழுதப்பட்டவை. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் எல்லா அளவும் 2 அடித் தொட்டிக்கு.

இவாகுமி என்பது என்ன? யார் கொண்டுவந்தது?

கற்களை மையமாக வைத்து அமைக்கும் ஜப்பானிய முறை. அங்கே தோட்டங்களில் கல் அடுக்குவது பல நூற்றாண்டுப் பழக்கம். அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்தவர் தகாஷி அமானோ. 1954இல் நீகாட்டா பகுதியில் பிறந்தவர், சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர், இயற்கைக் காட்சிகளைப் படம்பிடித்த புகைப்படக் கலைஞர். 1982இல் ஏடிஏ (அக்வா டிசைன் அமானோ) என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2015இல் காலமானார். அதே ஆண்டு லிஸ்பன் ஓஷனேரியத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி திறக்கப்பட்டது. அதில் மட்டும் 1,60,000 லிட்டர் தண்ணீர்.

அவருடைய கல் தொட்டிகளில் நாம் பார்க்க வேண்டியது கல்லை அல்ல, கல்லைச் சுற்றி அவர் விட்டிருக்கும் வெற்றிடத்தை. தண்ணீருக்குள் ஒரு மலைச்சரிவு தெரிவது அந்த இடைவெளியால்தான்.

பொருள் குறைவு என்றால் வேலையும் குறைவுதானே?

இல்லை. எல்லாரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். செடி அடர்ந்த தொட்டியில் வேகமாக வளரும் தண்டுச் செடிகள் தண்ணீரில் இருக்கும் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், பாசிக்கு மிச்சம் குறைவு. இவாகுமியில் தரையில் மட்டும் இரண்டு செ.மீ. உயரத்துக்குச் செடி. அது வேர் பிடித்துப் பரவும் வரை சத்தும் வெளிச்சமும் சும்மா கிடக்கும், அதைப் பாசி எடுத்துக்கொள்ளும். அழுக்கை மறைக்கவும் எதுவும் இல்லை. மணலில் ஒரு மீன் கழிவு கிடந்தால்கூட அறையின் அந்தப் பக்கத்திலிருந்து தெரியும்.

முதல் இரண்டு மாதம் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்க முடியுமென்றால் மட்டும் இறங்குங்கள். அதைத் தாண்டிவிட்டால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

எந்த அளவுத் தொட்டி?

60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். சுமார் 65 லிட்டர். சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் சொல்லிச் செய்யலாம், 6 மி.மீ. கண்ணாடி போதும், 8 என்றால் நிம்மதி. அகலத்தை 30க்குக் கீழே குறைக்காதீர்கள். முன்னிருந்து பின்னுக்கு ஆழம் இல்லாவிட்டால் கற்கள் ஒரே வரிசையில் நிற்பதுபோலத் தட்டையாகிவிடும். முடிந்தால் 40 அல்லது 45 வையுங்கள், அதே கற்கள் இரட்டிப்பு அழகாகத் தெரியும்.

தண்ணீர், கல், மண், கண்ணாடி எல்லாம் சேர்த்து 90 கிலோவுக்குக் குறையாது. டீபாய் தாங்காது. மேசை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அடியில் ஒரு ஃபோம் ஷீட் விரியுங்கள்.

என்ன கல் போடுவது? மலையடிவாரத்தில் கிடப்பதை எடுக்கலாமா?

முக்கியமான கேள்வி ஒன்றுதான்: அந்தக் கல் தண்ணீரில் கரையுமா? சுண்ணாம்பு கலந்த கல் என்றால் மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். கடைகளில் அதிகம் விற்கும் சாம்பல் நிற செய்ர்யு கல்லே இந்த வகைதான். பார்க்க மிக அழகு. ஏற்கெனவே போர் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் அது இன்னொரு தொல்லை.

சோதிப்பது சுலபம். கல்லைக் கழுவிக் காயவைத்து, வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. வினிகருக்கு அசையாத கல் சில சமயம் கழிவறை கழுவும் ஆசிட்டுக்கு நுரைக்கும், அதனால் அதிலும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெளியில் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிறகு கல்லை நன்றாக அலசுங்கள்.

நம் ஊர்க் கருங்கல் நுரைக்காது, கரையாது. ஆனால் குவாரியில் உடைத்த கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டு உயிரில்லாமல் இருக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்து முனை மழுங்கி, வரி ஓடிய கல்லைத் தேடுங்கள். வீடு கட்டும் இடத்திலோ, உரிமையாளர் அனுமதியோடு தோட்டத்திலோ கிடைக்கும். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். எரிமலைக் கல்லும், ஓட்டை ஓட்டையாக இருக்கும் டிராகன் கல்லும் கடையில் வாங்கலாம், இரண்டும் தண்ணீரை மாற்றாது. டிராகன் கல்லின் ஓட்டைகளில் அடைந்திருக்கும் களிமண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட வேண்டும்.

பவளக் கல் வேண்டவே வேண்டாம். தண்ணீரைக் கெடுக்கும் என்பது ஒருபுறம். கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, ராமேசுவரம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுப்பது குற்றம்.

கற்களை எப்படி அடுக்குவது?

எல்லாக் கல்லும் ஒரே வகையாக, ஒரே நிறமாக இருக்கட்டும். எண்ணிக்கை ஒற்றைப்படை: 3, 5, 7. பெரிய கல்லுக்கு ஓயாயிஷி என்று பெயர். அதற்கு அடுத்தது ஃபுகுயிஷி. பெரியதற்குத் துணை நிற்பது சொயேயிஷி. மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் சின்னக் கற்கள் சுதேயிஷி. பெயரை மறந்தாலும் பரவாயில்லை, உயர வித்தியாசத்தை மறக்கக் கூடாது. இரண்டு கல் ஒரே உயரத்தில் நின்றால் கண் எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறும்.

பெரிய கல்லின் உச்சி தொட்டி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொடட்டும். அதை நட்டநடுவில் வைக்காதீர்கள். நீளத்தை மூன்றாகப் பிரித்து, இடது அல்லது வலது பிரிகோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். செங்குத்தாக நிறுத்தாமல் லேசாகச் சாயுங்கள், ஆற்று ஓட்டத்தில் நின்று தேய்ந்த கல் சாய்ந்திருப்பதுபோல. மற்ற கற்களும் அதே பக்கம் சாய வேண்டும். கல்லில் ஓடும் வரிகளைப் பாருங்கள். பெரிய கல்லில் வரி இடமிருந்து வலமாக ஏறினால், பக்கத்துக் கல்லிலும் அப்படியே ஏறட்டும். ஒரு கல்லின் வரி குறுக்கே போனாலும் மொத்தமும் கடையிலிருந்து கொண்டுவந்து கொட்டியதுபோல ஆகிவிடும்.

ஒவ்வொரு கல்லிலும் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் போக வேண்டும். மண்மேல் உட்கார்ந்திருக்கும் கல் வைக்கப்பட்ட கல், மண்ணுக்குள்ளிருந்து எழும் கல்தான் அங்கேயே இருந்த கல். இன்னொன்று, செடி படர்ந்தபின் தரை 3 செ.மீ. உயரும். இப்போது கண்ணுக்கு அளவாகத் தெரியும் கற்கள் அப்போது குட்டையாகிவிடும், சின்னவை காணாமலே போகும். அதனால் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பெரிதாகவே தேர்ந்தெடுங்கள்.

தொட்டிக்குள் நேரடியாக முயலாதீர்கள். தொட்டியின் அடியளவுக்கு ஓர் அட்டைப் பெட்டியை வெட்டி, மணல் நிரப்பி, தரையில் வைத்து அடுக்கிப் பாருங்கள். போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள், எங்கே கனம் கூடியிருக்கிறது என்பது உடனே தெரியும். ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்கள். போகும்போதும் வரும்போதும் கண்ணை உறுத்தும் கல் எதுவோ அதைத் திருப்புங்கள். இந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் இரண்டு ஆண்டு அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

தொட்டிக்கு மாற்றும்போது கண்ணாடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் வலையை விரித்து, அதன்மேல் பெரிய கற்களை வைத்துவிட்டு, பிறகு மண்ணைக் கொட்டுங்கள். மண்மேல் கல்லை நிறுத்தினால் ஒரு நாள் சரியும், கண்ணாடி விரிசல் விடும்.

எந்த மணல் நல்லது?

தண்ணீர் வடிகட்டும் சாதனங்களுக்கான சிலிக்கா மணல், 0.5 முதல் 1 மி.மீ. மணியளவு. விலை குறைவு, சுத்தம், நிறம் இளமஞ்சள். மீன் கடையில் அழகான பொட்டலத்தில் வருவதும் பெரும்பாலும் இதுபோன்றதுதான். கடல் மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும், வேண்டாம். எம்-சாண்ட் என்பது உடைத்த கல், கூர்மையானது, தூசி லேசில் போகாது. வீட்டு வேலையில் மிஞ்சிய ஆற்று மணல் இருந்தால் சலித்துப் பயன்படுத்தலாம்.

எதுவானாலும் வாளியில் போட்டுத் தண்ணீர் பீய்ச்சி, கையால் கிளறி, கலங்கல் வடியும் வரை கழுவுங்கள். பளீர் வெள்ளை மணலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் ஒவ்வொரு தூசும் தெரியும், வெளிச்சம் பட்டுக் கண்ணும் கூசும்.

மணலில் செடி வளருமா, தனி மண் வேண்டுமா?

மணலில் சத்து இல்லை. அதனால் இரண்டாகப் பிரியுங்கள். முன்பக்கம் அல்லது ஒரு மூலையில் இரண்டு மூன்று செ.மீ. மணல், செடி வளரும் பகுதிக்கு அக்வா சாயில். இது சுட்டு உருண்டையாக்கிய மண், சத்து நிறைந்தது, தண்ணீரின் பிஹெச்சை 6.5 பக்கம் இழுத்து வைக்கும். இந்தத் தொட்டிக்கு 9 லிட்டர் மூட்டை ஒன்று. முன்னால் 3 செ.மீ., பின்னால் 10 செ.மீ. என்று சரிவாகப் போடுங்கள். அந்தச் சரிவில்தான் ஆழம் பிறக்கிறது. பின்பக்கம் உயர்த்த, வலைப்பையில் எரிமலைக் கல் துண்டுகளைக் கட்டி அடியில் வைத்தால் மண் மிச்சம்.

கொட்டும்போது நடுவில் ஓர் அட்டையை நிறுத்தி இந்தப் பக்கம் மண், அந்தப் பக்கம் மணல். அட்டையை உருவும் முன் எல்லையில் சின்னக் கற்களை நெருக்கமாக நட்டுவிடுங்கள். மண் உருண்டைகள் மணலுக்கு வருவதை முழுவதும் தடுக்க முடியாது, வாரம் ஒருமுறை பொறுக்க வேண்டியதுதான்.

என் வீட்டில் போர் தண்ணீர். என்ன செய்வது?

முதல் வேலையாக, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். இவாகுமிக்கு 100 முதல் 250 வரை நல்லது. சென்னைப் போர்களில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் இந்தத் தலைவலி இல்லை, அது இயல்பிலேயே மென்மையானது.

அதிகமாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்க வேண்டும். போர் 1000, ஆர்.ஓ. 50 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போர், ஐந்து பங்கு ஆர்.ஓ. என்று கலந்தால் 200க்குப் பக்கத்தில் வரும். இந்தக் கணக்கு சுண்ணாம்புச் சத்தால் கடினமான தண்ணீருக்கு. கடலோரப் பகுதிகளில் டி.டி.எஸ். ஏறுவது பெரும்பாலும் உப்பால். நாக்கில் கரிக்கிற தண்ணீர் என்றால் ஒரு துளிகூட வேண்டாம், முழு ஆர்.ஓ.வில் தாது உப்புக் கலவை சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றினால் செடிக்குக் கால்சியமும் மெக்னீசியமும் கிடைக்காது, இறால் ஓடு உரிக்க முடியாமல் செத்துப்போகும். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும், அது வீடு துடைக்க.

மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின். ஒரு நாள் திறந்து வைக்கலாம், அல்லது ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் படிகம் சின்னதாக ஒன்றை 20 லிட்டர் வாளியில் கரைக்கலாம்.

மே மாதம் தாங்குமா?

ஏற்பாடு செய்தால் தாங்கும். தரைச் செடிகளுக்கு 22 முதல் 26 டிகிரி இதம், 28 வரை சமாளிக்கும், 30க்கு மேல் தொடர்ந்து போனால் அடியிலிருந்து அழுகத் தொடங்கும். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 32 டிகிரியில் 7.3. மீன்களோ சூட்டில் அதிகமாக மூச்சு வாங்கும்.

மலிவான தீர்வு ஒரு சின்ன ஃபேன். தொட்டியின் மேல்மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று சாய்வாகப் படும்படி வையுங்கள். 2 முதல் 4 டிகிரி இறங்கும். காற்று காய்ந்திருக்கும் மதுரை, திருச்சியில் அதிகம் இறங்கும், ஈரப்பதம் நிறைந்த சென்னையில் குறைவு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவை நிரப்ப எப்போதும் ஆர்.ஓ. மட்டும். இதைக் கவனிக்காமல் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஒரே கோடையில் டி.டி.எஸ். இரண்டு மடங்காகும்.

விளக்கை மாலை 4 மணிக்குமேல் எரியவிடுங்கள். பகல் சூட்டோடு விளக்குச் சூடும் சேராது, நீங்களும் வீட்டில் இருந்து பார்ப்பீர்கள். ஐஸ் கட்டிகளைக் கொட்டாதீர்கள், திடீர் ஏற்ற இறக்கம் சூட்டைவிடக் கெடுதல். மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி வைத்திருந்தால் இடத்தை மாற்றுவதுதான் வழி.

எந்தச் செடி?

ஒரே ஒரு வகை. அதிகம் போனால் இரண்டு. அமானோ முதலில் புகழ்பெறச் செய்தது குளோசோஸ்டிக்மா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துச் செடி. படங்களில் மிக நுண்ணிய இலையோடு தெரிவது கியூபா. இரண்டும் நம் வெக்கைக்குச் சட்டென்று சுணங்கும். முதல் தொட்டிக்கு மான்டி கார்லோ எடுங்கள், வேகமாகப் படரும், சூட்டை ஓரளவு பொறுக்கும். அதைவிடக் கெட்டி ஹேர் கிராஸ். கடையில் புல் என்கிறார்கள், உண்மையில் கோரைக் குடும்பம். மண்ணுக்கடியில் ஓடி ஓடி முளைக்கும், காற்றில் அசையும் புல்வெளிபோல இருக்கும்.

நம் ஊர்ச் செடி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வயல் வரப்பில் நான்கு இலை விரித்து நிற்கும் ஆரைக்கீரை தண்ணீருக்குள்ளும் வாழும். உலகம் முழுக்கத் தொட்டிகளில் அதன் உறவினங்களை மார்சிலியா என்ற பெயரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தண்ணீருக்குள் போனதும் வரப்பில் இருந்த தோற்றம் மாறிவிடும். வளர்ச்சி மெதுவானது, சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) தனியாகக் கொடுக்காமலும் வளரும், சூட்டுக்குப் பழகியது. வெளிச்சம் குறைந்தால் மட்டும் காம்பு நீண்டு மேலே ஓடிவிடும். வயலிலிருந்து எடுத்தால் பூச்சிமருந்தும் நத்தை முட்டையும் கூடவே வரும். தனி வாளியில் இரண்டு வாரம் வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு தொட்டிக்குள் விடுங்கள்.

எவ்வளவு செடி வாங்குவது, எப்படி நடுவது?

தாராளமாக. கப்பில் வரும் செடி 6 முதல் 10. இரண்டு கப் நட்டு மீதி தானாகப் பரவட்டும் என்று விட்டால், பரவுவது பாசிதான். ஒவ்வொரு கட்டியையும் ஒரு செ.மீ. கொத்தாகப் பிய்த்து, நீள ட்வீசரால் சாய்வாக மண்ணுக்குள் செருகி, மெல்ல அசைத்துக்கொண்டே ட்வீசரை வெளியே எடுங்கள். நேராக இழுத்தால் செடியும் கூடவே வரும். கொத்துக்குக் கொத்து இரண்டு செ.மீ. இடைவெளி. மண் ஈரமாக, தண்ணீர் இல்லாமல் இருக்கும்போது நடுவது எளிது.

தண்ணீர் ஊற்றாமலே முதலில் செடியைப் பரவவிடும் முறை ஒன்று உண்டு. மண்ணை நனைத்து, தொட்டியை பிளாஸ்டிக் உறையால் மூடி, தினமும் ஸ்ப்ரே செய்து, சில நிமிடம் திறந்து வைத்து 4 முதல் 6 வாரம் வளர்ப்பது. செடி நன்றாக வேர் பிடிக்கும், பாசித் தொல்லை குறையும். கார்த்திகை, மார்கழியில் செய்யுங்கள். கோடையில் மூடிய தொட்டிக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

விளக்கு?

லிட்டருக்கு 20 முதல் 40 லுமன் தரும் எல்இடி. முதல் மாதம் 6 மணி நேரம், செடி பரவியபின் 8. கட்டாயம் டைமர். ஜன்னல் வெயில் நேராகப் படக் கூடாது.

சிஓ2 சிலிண்டர் இல்லாமல் முடியாதா?

ஆரைக்கீரைக்கும் ஹேர் கிராஸுக்கும் முடியும், பொறுமை இருந்தால். மான்டி கார்லோ மெதுவாக, உயரமாக வளரும். கியூபா பற்றி நினைக்க வேண்டாம். சிஓ2 இல்லாத தொட்டியில் விளக்கும் உரமும் பாதியாக இருக்க வேண்டும்.

போடுவதென்றால் சிலிண்டரும், சொலினாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) உள்ள ரெகுலேட்டரும் வாங்குங்கள். காலியானால் தீயணைப்புக் கருவி நிரப்பும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு குமிழி என்று ஆரம்பித்து, சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் பச்சை நிறத்துக்கு வரும் வரை சில நாள் எடுத்து மெல்ல ஏற்றுங்கள். பச்சை என்றால் ஏறக்குறைய 30 பிபிஎம். மஞ்சளானால் அதிகம், மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே ஆன், அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆஃப்.

சொலினாய்டு ஏன் அவசியம்? கரண்ட் போனால் அது தானாக மூடிக்கொள்ளும். ஊசி வால்வு மட்டும் உள்ள அமைப்பில் ஃபில்டர் நின்ற பிறகும் வாயு போய்க்கொண்டே இருக்கும். மீன் போட்ட தொட்டியில் இது ஆபத்து.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் முறை மலிவுதான், ஆனால் நம் சூட்டில் முதல் நாள் பொங்கும், பத்தாம் நாள் ஓய்ந்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் கறுப்புத் தாடிப் பாசிக்கு அழைப்பு. செய்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம், அழுத்தம் ஏறினால் வெடிக்கும்.

உரம் எவ்வளவு?

புது அக்வா சாயில் என்றால் முதல் மாதம் தழைச்சத்து தேவையில்லை. பிறகு விலையுயர்ந்த பாட்டில்கள் தேவையில்லை, உரக் கடையில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 13-0-45 இருக்கிறதே, அது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். மண்ணும் கல்லும் போக நம் தொட்டியில் 50 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். அதில் ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் நைட்ரேட் 12 பிபிஎம் ஏறும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றியபின் அது போதும். பாஸ்பேட் அதில் பத்தில் ஒரு பங்கு. நுண்சத்துக் கலவை தனியாகச் சில சொட்டு. யூரியா கிட்டவே வரக் கூடாது, அது தண்ணீரில் அம்மோனியாவாகி மீனைக் கொல்லும்.

மீன் எப்போது விடலாம்?

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகு. 4 முதல் 6 வாரம். புது அக்வா சாயில் அம்மோனியாவைக் கக்கும், அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். முதல் வாரம் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாம் வாரம் இரண்டு முறை. சோதனைக் கிட் இல்லாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெளிந்த தண்ணீரிலும் அம்மோனியா இருக்கும்.

முதலில் இறால். அமானோ இறால் பாசியை மேய்வதில் சமர்த்து. அதன் குஞ்சுகளுக்கு உவர்நீர் தேவைப்படுவதால் தொட்டியில் பெருகாது. மூடியில்லாத தொட்டியில் குழாய் வழியாக ஏறி வெளியே குதிக்கும், தண்ணீர் மட்டத்தை விளிம்புக்கு மூன்று செ.மீ. கீழே வையுங்கள்.

என்ன மீன்?

ஒரே இனம், கூட்டமாகப் போவது, மூன்று செ.மீ.க்கு மிகாதது. எம்பர் டெட்ரா 12 முதல் 15 விடுங்கள். சூட்டைத் தாங்கும், அதன் செம்மஞ்சள் பச்சைக்கு எதிரே அருமையாக எடுக்கும். கார்டினலும் சரி. நியான் டெட்ரா குளிர்ந்த தண்ணீர் மீன், ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்குப் பொருந்தும். ஜீப்ரா டேனியோ நம் துணைக்கண்டத்து மீன், எதையும் தாங்கும், ஆனால் ஒரு நிமிடம் சும்மா இருக்காது, கல் தொட்டியின் அமைதி போய்விடும்.

வாஸ்துவுக்காகத் தங்கமீன் போடச் சொல்கிறார்களே?

வேறு தொட்டியில் போடுங்கள். தங்கமீன் மண்ணைக் கிளறும், செடியைப் பிடுங்கும், தின்னும், மிகுந்த கழிவு விடும், கைநீளம் வளரும். 2 அடித் தொட்டி அதற்கும் சிறை.

கல்லெல்லாம் பழுப்பாகிவிட்டதே?

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வரும் பழுப்புப் பாசி எல்லாருக்கும் வரும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சி எடுங்கள். தானாக அடங்கும்.

நூல்போலப் பச்சைப் பாசி என்றால் வெளிச்சம் கூடுதல். பிரஷ்ஷில் சுற்றி எடுத்துவிட்டு விளக்கை இரண்டு மணி நேரம் குறையுங்கள். கல் விளிம்பில் கறுப்புத் தாடி என்றால் சிஓ2 சீராக இல்லை. தண்ணீர் மாற்றும்போது மட்டம் இறங்கிக் கல் வெளியே தெரியுமில்லையா, அப்போது மருந்துக் கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சால் தடவி, சில நிமிடம் விட்டு, கோப்பைத் தண்ணீரால் அலசி அந்த நீரையும் உறிஞ்சிவிடுங்கள். ஒரு வாரத்தில் பாசி வெளுத்துவிடும்.

மணல் பச்சை பூத்து நாறுகிறதே?

மணலும் கண்ணாடியும் சேரும் கோட்டில் நீலப்பச்சைப் படலமாகத் தெரிந்தால் அது சயனோபாக்டீரியா. முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் விளக்கே போடாமல் துணியால் மூடிவையுங்கள். கண்ணாடியின் அந்த ஓரத்தில் வெளியிலிருந்து வெளிச்சம் படாதபடி கறுப்பு டேப் ஒட்டினால் திரும்ப வராது.

மற்றபடி மணலின் மேல்தோல் அழுக்காவது இயல்பு. ட்யூபின் வாயை மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்து, இன்னொரு கையால் மணல்மேல் விசிறுங்கள். கனமில்லாத அழுக்கு எழும்பி ட்யூபுக்குள் போகும், மணல் அங்கேயே கிடக்கும். மாதம் ஒருமுறை மேல் அரை செ.மீ. மணலையே உறிஞ்சி எடுத்து, கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். மணலைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

வாராந்திர வேலை என்னென்ன?

வரிசை முக்கியம். முதலில் பழைய ஏடிஎம் கார்டால் கண்ணாடியைச் சுரண்டுங்கள். பிறகு கல், அப்புறம் கத்தரிப்பு, கடைசியில் உறிஞ்சுவது. மாற்றிச் செய்தால் உறிஞ்சிய இடத்திலேயே மறுபடி குப்பை விழும். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்து, புதுத் தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெல்ல ஊற்றுங்கள், மண் கலையாது.

செடி மூன்று செ.மீ. தாண்டியதும் தயங்காமல் வெட்டுங்கள். முதல் வெட்டு மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், மொட்டை அடித்ததுபோலத் தெரியும், பத்து நாளில் முன்னைவிட அடர்த்தியாக வரும். வெட்டாமல் விட்டால் அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகாமல் அழுகி, ஒரு நாள் மொத்தப் பாயும் உரிந்து மிதக்கும்.

ஃபில்டர் ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். மணிக்கு 400 முதல் 600 லிட்டர் சுற்றும் ஃபில்டர் இந்தத் தொட்டிக்குப் போதும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், பத்து நாள் தாங்குமா?

தாங்கும். வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் பத்து நாள் உணவில்லாமல் இருக்கும், இறால் பாசியை மேய்ந்துகொள்ளும். கிளம்பும் முன் தண்ணீர் மாற்றி, விளக்கை 5 மணி நேரமாகக் குறையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்தால் ஆர்.ஓ. தண்ணீர் நிரப்ப மட்டும் சொல்லுங்கள். தீவனத்தைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அன்பில் ஒரு டப்பாவையே கொட்டிவிடுவார்கள்.

ஓர் அமைப்பு எத்தனை நாள் வரும்? கலைத்தால் எல்லாவற்றையும் என்ன செய்வது?

அக்வா சாயில் ஒன்றரை, இரண்டு ஆண்டில் சத்து தீர்ந்து பொடியத் தொடங்கும். அதன்பிறகு வேர் உரக் கட்டிகள் வைத்து ஓட்டலாம், அல்லது புதிதாகத் தொடங்கலாம். கற்களையும் மணலையும் கழுவி எத்தனை முறையும் பயன்படுத்தலாம். பழைய மண்ணை ரோஜாத் தொட்டிக்குப் போடுங்கள்.

மீன்களைக் கடையிலோ வேறொரு வளர்ப்பாளரிடமோ கொடுங்கள். ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கும் தென் அமெரிக்கக் கெளுத்தியை இப்படித்தான் விட்டார்கள், இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, வலை போடுகிறவர்களுக்கு மீனுக்குப் பதில் அதுதான் சிக்குகிறது. வெட்டிய செடிகளும் அப்படியே. சின்னத் துண்டும் முளைக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள், சாக்கடையில் கழுவிவிட வேண்டாம்.